சிறகிலைக்கு நான்கு வழிகள்

(நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய ஓர் அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் மேசைமேல் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒரு வேப்பிலை, காற்றில் கிழிந்த ஒரு வாழை இலை, ஒரு நெல்லிக் கொப்பு. நான்காவது மேசையில் அடங்கவில்லை. அதனால்தான் முன்வரிசைப் பிள்ளைகள் நான்கு பேர் ஒரு முழுத் தென்னை மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குக் கை வலிப்பதற்குள் முதல் பாகத்தை முடித்துவிட வேண்டும்.

இந்த நான்கையும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஒரே சாயல். நடுவே ஒரு தண்டு, அதன் இருபுறமும் ஒழுங்காக அடுக்கிய கீற்றுகள். பறவையின் இறகும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. பாடப்புத்தகம் இந்த வடிவத்தைச் சிறகுக் கூட்டிலை என்ற தலைப்பில் ஒரு படம் போட்டு முடித்துவிடும். ஆனால் இந்த நான்கில் இரண்டுதான் கூட்டிலை. ஒன்று கிழிந்துபோன தனி இலை. இன்னொன்று இலையே இல்லை. அது எது என்று பிறகு சொல்கிறேன். தெரிந்தவர்கள் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிவிட வேண்டாம்.

நான் சொல்ல வந்தது இதுதான்: வடிவத்தை மட்டும் பார்த்து இலைகளை ஒரே குடும்பமாகக் கட்டக்கூடாது. அந்த வடிவத்துக்கு ஒவ்வொன்றும் எந்த வழியாக வந்தது என்று கேட்க வேண்டும். அதைக் கேட்பதற்கு நுண்ணோக்கி வேண்டாம். நம் விளைகளும் வீட்டுப் புறவாசலும் போதும்.

முதலில் தென்னை. இந்த மட்டை 5 மீட்டருக்கு மேல் நீளம். இதில் 200-க்குக் குறையாமல் கீற்றுகள் இருக்கும். ஒவ்வொரு கீற்றின் நடுவிலும் ஓர் ஈர்க்கு. வாரியல் கட்டுவதற்காகவே தென்னை ஈர்க்கு வளர்க்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அந்த ஈர்க்குதான் ஒவ்வொரு கீற்றையும் காற்றில் நிமிர்த்திப் பிடிக்கிறது. நன்றாகக் காய்க்கிற ஒரு தென்னையின் தலையில் இப்படி 30 முதல் 40 மட்டைகள். ஏறக்குறைய மாதம் ஒன்று புதிதாக விரியும், அடியில் ஒன்று கழன்று விழும்.

இந்த 200 கீற்றுகளும் தனித்தனியாக முளைத்தவையா? இல்லை. குருத்துக்குள் இருக்கும்போது தென்னை ஓலை ஒரே பரப்பு. அது வளர வளர, உள்ளேயே மேலும் கீழுமாக மடிப்பு விழுகிறது. பிறகு அந்த மடிப்புகளின் ஓரத்தில் திசு தானாகவே பிரிந்து, கீற்றுகள் பிரிகின்றன. செடி கொடிகளில் இலை இப்படிப் பிளந்து கூட்டிலையாவது மிக அரிது. பனை, தென்னை, கமுகு, ஈச்சை என்று இந்தக் குடும்பம்தான் அதில் பேர்போனது.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் காண்டாமிருக வண்டைக் கேளுங்கள். தென்னை வைத்திருக்கிற எல்லோருக்கும் அந்த எதிரியைத் தெரியும். வண்டு மூடிய குருத்தில் ஒரு துளை போட்டு உள்ளே போகும். அன்றைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து அந்த மட்டை விரியும்போது, கத்தரிக்கோல் வைத்து வெட்டியதுபோல இருபக்கக் கீற்றுகளிலும் வரிசையாக முக்கோண வெட்டுகள். வண்டு 50 இடத்தில் கடிக்கவில்லை. ஒரே இடத்தில் துளைத்தது, ஓலை அப்போது மடிந்து கிடந்தது, அவ்வளவுதான். ஒரு தாளை விசிறி மடிப்பாக மடித்து, ஒரே ஒரு ஓட்டை போட்டு, விரித்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யலாம்.

அதே தாளில் இன்னொன்றும் செய்யலாம். கீழ் மடிப்புகளின் ஓரமாக மட்டும் வெட்டினால், கிடைக்கிற ஒவ்வொரு துண்டும் நடுவில் உயர்ந்து இரு ஓரமும் கீழே கவிழ்ந்திருக்கும். மேல் மடிப்புகளை மட்டும் வெட்டினால் துண்டுகள் நடுவில் தாழ்ந்து ஓரம் நிமிர்ந்திருக்கும். தென்னங்கீற்று முதல் வகை. ஈச்சங்கீற்று இரண்டாம் வகை. மட்டையோடு கீற்று சேரும் இடத்தில் விரலை வைத்துத் தடவினால் கண்ணை மூடிக்கொண்டே இது தென்னை, இது ஈச்சை என்று சொல்லிவிடலாம். பனையும் ஈச்சை மாதிரிதான், ஓரம் நிமிர்ந்த வகை. ஆனால் பனையோலையில் நடுத்தண்டு நீளவில்லை. அதனால் மடிப்புகள் எல்லாம் ஓரிடத்திலிருந்து விசிறியாகப் பரந்து நிற்கின்றன. பிளவும் பாதியோடு நின்றுவிடுகிறது. அந்தப் பாதிப் பிளவுதான் நமக்கு வசதி. முழுக்கப் பிளந்திருந்தால் அக்கானி, அதாவது பதநீர், குடிக்கப் பட்டை பிடிக்க முடியுமா?

தென்னங்கன்றைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு சங்கதி தெரிந்திருக்கும். முளைத்து வரும் முதல் சில இலைகளில் பிளவே இருக்காது, நுனியில் மட்டும் இரண்டாகப் பிரிந்திருக்கும். கன்று வளரும்போதுதான் கீற்றுகள் பிரியத் தொடங்கும். நாற்றுப் பண்ணையில் நல்ல கன்று பொறுக்குகிறவர்கள் கழுத்துப் பருமனோடு இதையும் பார்க்கிறார்கள். ஓலை சீக்கிரம் கீற்றாகப் பிரிந்த கன்று வீரியமுள்ள கன்று. இங்கே புத்தளத்து அரசு தென்னை நாற்றுப் பண்ணைக்குப் போனால் பிரியாத ஓலை முதல் பிரிந்த ஓலை வரை எல்லாப் படிகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

இதே காட்சி ஒரு பெரிய மனிதரையும் மலைக்க வைத்திருக்கிறது. ஜெர்மானியக் கவிஞர் கோத்தே 1786-இல் இத்தாலியின் பாதுவா நகரத்துத் தாவரத் தோட்டத்தில் ஒரு விசிறிப் பனையைப் பார்த்தார். அடியில் ஈட்டி போன்ற பிளவில்லாத இலை, மேலே போகப் போகப் பிளவு கூடி முழு விசிறி. தோட்டக்காரரிடம் கேட்டு அந்த இலைகளை வரிசையாக வெட்டி வாங்கிக்கொண்டு போனார். ஒரு செடியின் உறுப்புகள் எல்லாம் ஒரே அடிப்படை உறுப்பின் மாற்றங்கள் என்று 1790-இல் அவர் வெளியிட்ட நூலுக்குப் பின்னால் அந்த மரம் இருக்கிறது. 1585-இல் நட்ட அந்தப் பனையை இன்றும் அங்கே காட்டுகிறார்கள். அவர் இத்தாலி வரை போக வேண்டியிருந்தது. நமக்குப் புத்தளத்துக்குப் பஸ் இருக்கிறது.

பிள்ளைகளே, மட்டையைக் கீழே வைத்துவிடலாம்.

தென்னைக்கு நேர்மாறாக நடக்கிற மரமும் நம் ஊரில் உண்டு. சக்கை, அதாவது பலா. பலாக் கன்றின் இலையிலும் இளம் கொழுந்திலும் ஆழமான பிளவுகள் அடிக்கடி தென்படும். மரம் முதிர்ந்தபின் வருகிற இலை முழு இலை. தென்னை சிறுவயதில் முழுசாக இருந்து பிறகு பிரிகிறது, பலா பிரிந்து தொடங்கி முழுசாகிறது. இதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லி முடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் இயற்கை அவ்வளவு சுலபமாக யாருக்கும் இடம் கொடுப்பதில்லை.

இனி வேம்பு. இதன் கதை வேறு. வேப்பிலை ஒருபோதும் முழு இலையாக இருந்ததில்லை. மிகச் சிறிய மொட்டாக இருக்கும்போதே அதன் ஓரங்களில் புடைப்புகள் தோன்றி, ஒவ்வொரு புடைப்பும் ஒரு சிற்றிலையாக வளர்கிறது. கறிவேப்பிலை, புளி, அகத்தி, முருங்கை எல்லாம் இந்த வழிதான். முருங்கை மூன்று அடுக்காகப் பிரிந்து பிரிந்து போகும். தாளிதத்தில் போடுகிற ஒரு இணுக்குக் கறிவேப்பிலைதான் தாவரவியல்படி ஓர் இலை. நாம் இலை என்று எண்ணுவதெல்லாம் அதன் சிற்றிலைகள்.

வளர்கிற நுனியில் வேலை செய்யும் ‘நாக்ஸ்’ என்ற மரபணுக் கூட்டம், தனி இலை உருவாகிற இடத்தில் அடங்கிவிடுகிறது. தக்காளி போன்ற பல கூட்டிலைச் செடிகளில் அது இலைக்குள் மறுபடியும் விழித்துக்கொள்கிறது. அதனால் இலை இன்னும் முடியவில்லை என்று மேலும் புடைப்புகள் கிளம்புகின்றன. பட்டாணிச் செடியோ அதே வேலையை வேறொரு மரபணுவை வைத்துச் செய்துகொள்கிறது. ஆக, வேம்பு வழி என்று நான் சொல்கிற ஒரே வழிக்குள்ளும் கிளைவழிகள் இருக்கின்றன.

தென்னையையும் வேம்பையும் நம் பழைய நூலும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. தொல்காப்பிய மரபியலில் தென்னையும் பனையும் மரம் இல்லை. வெளிப்புறம் வைரமானது புல், உட்புறம் வைரமானது மரம் என்று பிரித்து, ஓலை, மடல், ஈர்க்கு போன்ற உறுப்புகளைப் புல்லின் பக்கம் வைத்திருக்கிறார்கள். ஒருவித்திலை, இருவித்திலை என்று இன்று பிரிப்பதோடு இது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. தென்னை ஓலை பிளந்து சிறகானதும் வேப்பிலை முளைத்துச் சிறகானதும் அந்தக் கோட்டுக்கு இருபுறமும்தான் விழுகின்றன. இதைச் சொன்னதும், நம் முன்னோர் மரபணுவையே கண்டுவிட்டார்கள் என்று யாரும் கைதட்ட வேண்டாம். அவர்கள் மரத்தை வெட்டிப் பார்த்தார்கள், வைரம் எங்கே இருக்கிறது என்று கவனித்தார்கள். அந்தக் கவனமே பெரிய விஷயம்.

எதற்கு இந்தப் பாடு? ஒரு பெரிய இலையாக வைத்துக்கொண்டால் என்ன? பதில் அரல்வாய்மொழியில் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அந்தக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று வாழைக்காரருக்கு வேறு கணக்கு.

வாழை இலை பிறப்பால் ஒற்றை இலை. ஆனால் அதன் நரம்புகள் நடுத்தண்டிலிருந்து ஓரம் வரை இணையாக ஓடுகின்றன. காற்று பிடித்து உலுக்கும்போது கிழிசல் நரம்புக்கும் நரம்புக்கும் நடுவில் போகிறது. நரம்பு அறுவதில்லை. அதனால் கிழிந்த ஒவ்வொரு நாடாவுக்கும் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கிறது. உயிரோடு பச்சையாக நிற்கிறது. இந்த மேசையில் இருக்கிற இலை அப்படிக் கிழிந்ததுதான். பார்வைக்குத் தென்னை மட்டை மாதிரியே இருக்கிறது. தென்னை உள்ளுக்குள் செய்துகொண்ட வேலையை இங்கே காற்று செய்துகொடுத்திருக்கிறது. கிழிந்த இலைக்கு ஓரளவு ஆதாயமும் உண்டு. காற்றின் இழுப்பு குறையும், வெயிலில் நாடா சீக்கிரம் சூடு ஆறும். மிக நுணுக்கமாகக் கிழிந்தால் நட்டம்தான். மட்டியோ நேந்திரனோ செந்துளுவனோ, குலைக்காக வளர்க்கிறவர் கொஞ்சம் கிழிசலைப் பொறுத்துக்கொள்வார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டியை இலைக்காக யாரும் வாங்குவதில்லை. ஆனால் கல்யாணப் பந்திக்குத் தலைவாழை இலை அறுத்து விற்கிறவருக்கு ஒரு கிழிசல் விழுந்தாலே விலை போச்சு.

இங்கே பறவையை நினைத்துப் பாருங்கள். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. அங்கே கரையில் ஒதுங்கி அலகால் இறகைக் கோதுகிற நாரையைப் பார்த்திருப்பீர்கள். இறகின் கீற்றுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நுண்ணிய கொக்கிகள் இருக்கின்றன. பிரிந்துபோன இடத்தைக் கோதினால் கொக்கிகள் மறுபடி மாட்டிக்கொள்ளும். இலைக்கு அந்த வசதி இல்லை. இறகு காற்றைப் பிடிக்க வேண்டியது. கூட்டிலை காற்றை விட்டுவிட வேண்டியது. உருவத்தில் ஒன்றுபோல இருந்தும் வேலையில் இரண்டும் எதிரெதிர்.

காற்றுச் சுரங்கத்தில் இலைகளை வைத்துப் பார்த்தவர் அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீவன் வோகல். 1989-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், வேகமான காற்றில் சிறகுக் கூட்டிலையின் சிற்றிலைகள் நடுத்தண்டை ஒட்டிச் சுருண்டு ஒடுங்கிவிடுவதைக் காட்டினார். பரப்பு சுருங்கினால் இழுப்பும் சுருங்கும். அதற்காக, வடிவம் மரத்தைக் காப்பாற்றிவிடும் என்று எண்ண வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் ரப்பரையும் வாழையையும் முறித்துப் போட்டபோது தென்னையும் சேர்ந்தே விழுந்தது. இலை காற்றை விட்டுக்கொடுத்தாலும் வேர் பிடிக்க வேண்டும், தண்டு தாங்க வேண்டும்.

அடுத்தது வெயில். கொடிக்காலில் வெற்றிலைக்கு ஏன் அகத்தி? படர்வதற்குக் கம்பம் என்பது பாதிப் பதில். மீதிப் பாதி, நிழல். சூரியன் புள்ளி அல்ல, வானத்தில் ஒரு வட்டம். அதனால் எந்தப் பொருளின் முழு நிழலும் அதன் அகலத்தைப்போல் ஏறக்குறைய 108 மடங்கு தூரம்தான் போகும். அதற்கு அப்பால் வெளிச்சம் கலந்து மங்கலாகிவிடும். 108 என்றதும் தேங்காய் உடைக்கக் கிளம்ப வேண்டாம், இது வெறும் வடிவக் கணக்கு. பலா இலையின் அகலம் 10 சென்டிமீட்டர் என்றால் அதன் கரிய நிழல் 10 மீட்டருக்கு மேல் இறங்கும். அடியில் வேறொன்றும் சுகமாக வளராது. அகத்திச் சிற்றிலையின் அகலம் 1 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் இறங்கியதும் நிழல் கரைந்துவிடுகிறது. வெற்றிலைக்கு வேண்டியது அந்தக் கரைந்த நிழல்தான். இந்தக் கணக்கு எதுவும் போடாமலேயே கொடிக்கால்காரர் அகத்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

மூன்றாவது காரணம் சிக்கனம். 1978-இல் தாமஸ் கிவ்னிஷ் என்ற ஆய்வாளர் கூட்டிலையை, செலவு குறைந்த, தூக்கியெறியத்தக்க கிளை என்று விளக்கினார். கட்டையான கொப்பு வளர்க்க மரம் நிறையச் செலவழிக்க வேண்டும். வறட்சியில் அதைக் கழற்றிவிடவும் முடியாது. கூட்டிலையின் நடுத்தண்டுக்கு அவ்வளவு செலவில்லை. கோடையில் கணிக்கொன்றையைப் பாருங்கள். இலையைத் தண்டோடு உதிர்த்துவிட்டு, சித்திரை விஷுவுக்குக் கனி காண்கிற வேளையில் பூவாகத் தொங்குகிறது.

கழற்றிவிடுகிற இந்தப் பழக்கத்தை நம் வீட்டுப் பெண்கள் எந்த ஆய்வாளருக்கும் முன்பே கைக்கொண்டிருக்கிறார்கள். முருங்கைக்கீரையை உருவ நேரமில்லாத நாளில், ராத்திரி ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுவார்கள். விடிந்து எடுத்து உதறினால் சிற்றிலைகள் தானாகக் கொட்டும், காம்புகள் கையில் மிஞ்சும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் பிரிவதற்கென்றே ஒரு மெல்லிய திசு அடுக்கு இருக்கிறது. வெட்டி எடுத்ததும் இருட்டில் அது இளகிவிடுகிறது. தென்னை ஓலையை அப்படிச் சுற்றி வைத்தால் ஒரு கீற்றும் உதிராது. பிளந்து வந்த சிறகு, முளைத்து வந்த சிறகு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேயே தெரிந்துவிடுகிறது.

புளிய இலை அந்தியில் ஜோடி ஜோடியாக மூடிக்கொள்வதும் சிற்றிலையின் அடியில் உள்ள வேலைதான். அங்கே இருக்கிற புடைத்த மூட்டில் ஒருபக்கத்து உயிரணுக்கள் தண்ணீரை விட்டுத் தளரும், மறுபக்கம் விறைக்கும். அலெக்சாந்தரின் படையில் இருந்த ஆந்திரோஸ்தனிஸ் இன்றைய பஹ்ரைன் தீவில் இப்படி மூடித் திறக்கிற மரமொன்றைக் கண்டு எழுதிவைத்தார். அது புளியாகவே இருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. நம் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரம் நடு, தென் அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்தது, தூக்கத்தையும் கூடவே கொண்டுவந்தது.

சிறகு வடிவம் எவ்வளவு பழையது என்று கேட்பீர்கள். திருச்சிக்குப் பக்கத்தில் தெரணி களிமண்ணிலும் சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரிலும் ‘டைலோஃபில்லம்’ என்ற செடியின் இலைகள் கல்லில் பதிந்து கிடைக்கின்றன. 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. கையில் எடுத்தால் ஏதோ பறவை உதிர்த்த இறகு என்றே தோன்றும். அந்தக் குலமே இன்று உலகத்தில் இல்லை. காளிகேசம் ஓடைக்கரைகளில் நாம் பார்க்கிற பெரணி அதற்கும் பழைய பரம்பரை. பெரணியும் அந்த அழிந்த செடியும் தென்னையும் வேம்பும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாமலே இந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

கடைசியாக, பாக்கி வைத்த கேள்வி. இலையே இல்லாதது எது? நெல்லிக் கொப்பு.

கிட்ட வந்து பாருங்கள். மெல்லிய பச்சைத் தண்டு, இருபுறமும் சின்னச் சின்னதாக நெருக்கி அடுக்கிய இலைகள். புளிய இலையோடு வைத்தால் தூரத்தில் வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்தச் சின்ன இலை ஒவ்வொன்றின் கக்கத்தையும் பார்த்தால், பூ இருக்கிறது. சில இடத்தில் பிஞ்சு இருக்கிறது. மொட்டும் பூவும் இலையின் கக்கத்தில்தான் வரும். சிற்றிலையின் கக்கத்தில் வராது. வேப்பம்பூங்கொத்து எங்கிருந்து கிளம்புகிறது? முழு வேப்பிலை கொப்போடு சேர்கிற இடத்திலிருந்து. சிற்றிலைகளின் நடுவிலிருந்து ஒருபோதும் இல்லை. ஆகவே நெல்லியில் நாம் சிற்றிலை என்று நினைத்ததெல்லாம் தனித்தனி முழு இலைகள். நாம் கூட்டிலை என்று நினைத்தது ஒரு சிறு கொப்பு. கீழாநெல்லியிலும் அப்படித்தான், அடியைத் திருப்பிப் பார்த்தால் காய்கள் வரிசையாக இருக்கும். இன்னும் வேடிக்கை, கணிக்கொன்றை இலையைத் தண்டோடு உதிர்ப்பதுபோல நெல்லி இந்தக் கொப்பையே முழுசாக உதிர்க்கிறது. தோற்றத்தில் மட்டுமில்லை, நடத்தையிலும் கூட்டிலையாகவே நடிக்கிறது. என் மதிப்பில் நம் ஊரில் வளர்கிற மரங்களிலேயே இவ்வளவு கெட்டிக்காரத்தனம் வேறொன்றுக்கும் இல்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கூட்டிலைப் பாடம் நடத்தும் நாளில் கரும்பலகையில் படம் வரைய வேண்டாம். ஒரு இணுக்குக் கறிவேப்பிலையும் ஒரு நெல்லிக் கொப்பும் கொண்டுபோய்ப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு பிள்ளை சொன்னால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். மொட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். தேடிக் கண்டுபிடிக்கிற வரைக்கும் மணி அடித்தாலும் பாடத்தை முடிக்காதீர்கள்.